இரண்டே சொட்டு… உலகமே கை கோத்த கதை தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. தெருமுனை அங்கன்வாடி வாசலில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு ஐஸ் பெட்டி. இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் அம்மாக்கள், பேரனின் கையைப் பிடித்தபடி தாத்தாக்கள். செவிலியர் குழந்தையின் இரு கன்னங்களையும் மெல்ல அழுத்துகிறார். சின்ன வாய் குவிந்து திறக்கிறது. சொட்… சொட்! குழந்தை உதட்டைப் பிதுக்கி அழத் தொடங்கும் முன்பே வேலை முடிந்துவிடுகிறது. இடது கைச் சுண்டு விரலில் ஒரு மைக்கோடு. "அடுத்த பிள்ளை வாம்மா!"

அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் அந்த அரை நிமிடத்துக்குப் பின்னால் ஓர் எகிப்தியக் கல், ஓர் இரும்புப் பெட்டி, 26 லட்சம் நாணயங்கள், ரஷ்ய மிட்டாய், நம் வேலூர் என எத்தனை கதைகள் இருக்கின்றன தெரியுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம், வாருங்கள்!

3,000 ஆண்டுகளுக்கும் மேல் பழைய கால்!

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனின் அருங்காட்சியகம் ஒன்றில் எகிப்திலிருந்து வந்த ஒரு கல் பலகை இருக்கிறது. அதில் கோலூன்றி நிற்கும் ஒரு மனிதரைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு கால் நன்றாக இருக்கிறது. மற்றொன்று சூம்பி, பாதம் கீழ்நோக்கித் தொங்குகிறது. எகிப்தின் பதினெட்டாம் அரச மரபின் காலத்தைச் சேர்ந்தது அது. போலியோ தாக்கிய கால் இப்படித்தான் இருக்கும் என்று மருத்துவ அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அவ்வளவு பழைய எதிரி! ஆனால் இதை ஒரு தனி நோயாக மருத்துவ நூலில் முதலில் விவரித்தவர் மைக்கேல் அண்டர்வுட் என்ற ஆங்கிலேய மருத்துவர்தான். ஆண்டு 1789. நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்று வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் எர்வின் பாப்பரும் காட்டியது 1908இல். ரத்த வகைகளைக் கண்டுபிடித்தாரே, அதே லாண்ட்ஸ்டைனர்தான் இவர்!

ஒரு மில்லிமீட்டருக்குள் முப்பதாயிரம் பேர்!

போலியோ வைரஸின் குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் இடத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வைரஸ்களை வரிசையாக நிறுத்திவிடலாம்! இந்தத் துளிக்கு மனித உடலைத் தவிர இயற்கையில் வேறு வீடு கிடையாது. கொசுவிலும் வாழாது, மாட்டிலும் வாழாது, பறவையிலும் வாழாது. ஒருவர் கழிவிலிருந்து தண்ணீர் வழியாகவோ கை வழியாகவோ இன்னொருவர் வாய்க்குள் போய், குடலில் பெருகும். தொற்றுக்கு ஆளானவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு வந்ததே தெரியாது. சுமார் 200 பேரில் ஒருவருக்கு மட்டும் நரம்பைத் தாக்கி நிரந்தர வாதமாகிவிடும். அந்த ஒருவர் பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. 'இளம்பிள்ளை வாதம்' என்று நம் முன்னோர் இட்ட பெயர் எவ்வளவு பொருத்தம், பாருங்கள்! ஓர் ஊரில் ஒரு பிள்ளைக்குக் கால் விழுந்தால், அங்கே கண்ணுக்குத் தெரியாமல் நூற்றுக்கணக்கானோர் வைரஸைச் சுமக்கிறார்கள் என்று பொருள்.

மனிதனைத் தவிர வேறு வீடு இல்லை என்றேன் அல்லவா? அந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் குழந்தைகளின் குடலிலும் கதவை அடைத்துவிட்டால் இந்த வைரஸுக்கு உலகில் போக்கிடமே இல்லை!

சுத்தம் கூடியதும் நோய் கூடியது!

இது பலரையும் திகைக்க வைக்கும் செய்தி. நல்ல குடிநீர், மூடிய சாக்கடை, சோப்பு எல்லாம் வந்த பிறகுதான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் போலியோ கொள்ளைநோயாக வெடித்தது! எப்படி? முன்பெல்லாம் வைரஸ் எங்கும் இருந்தது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி உடலில் இருக்கும்போதே கைக்குழந்தைகளுக்குத் தொற்று வந்து, பெரும்பாலும் நோவில்லாமல் போய்விடும். சுற்றுப்புறம் சுத்தமானபின் வைரஸைச் சந்திப்பது தள்ளிப்போனது. தாய் தந்த காவல் தீர்ந்த வயதில் தொற்று வந்தபோது வாதம் பெருகியது. 1952இல் மட்டும் அமெரிக்காவில் சுமார் 58,000 பேருக்கு நோய், 3,000க்கும் மேற்பட்ட சாவு! கோடை வந்தால் நீச்சல் குளங்களை மூடினார்கள், பிள்ளைகளைத் திரையரங்குக்கு அனுப்பப் பயந்தார்கள்.

72 ஆண்டு இரும்புக்குள் வாழ்ந்த வழக்கறிஞர்!

வைரஸ் மூச்சுத் தசையைத் தாக்கினால் என்ன ஆகும்? மூச்சு விட முடியாது. அதற்காக 1928இல் ஹார்வர்டின் பிலிப் டிரிங்கரும் லூயி ஷாவும் உருவாக்கியதுதான் 'இரும்பு நுரையீரல்'. பீப்பாய் போன்ற நீண்ட உலோகப் பெட்டி. உடல் முழுதும் உள்ளே, தலை மட்டும் வெளியே. கழுத்தைச் சுற்றி ரப்பர் வளையம். மோட்டார் பெட்டிக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்தால் நெஞ்சு விரிந்து காற்று உள்ளே போகும், கூட்டினால் வெளியே வரும். தலைக்கு மேல் சாய்வாக ஒரு கண்ணாடி. படுத்திருக்கும் பிள்ளைக்கு அறைக்குள் யார் வருகிறார்கள் என்பதே அந்தக் கண்ணாடியில்தான் தெரியும். மருத்துவமனைக் கூடங்களில் இந்தப் பெட்டிகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. 'உஸ்… உஸ்…' என்று இரவெல்லாம் அதே சத்தம்.

டெக்சாஸைச் சேர்ந்த பால் அலெக்சாண்டர் 1952இல் ஆறு வயதில் அந்தப் பெட்டிக்குள் போனார். அதை நம்பி வாழ்ந்தபடியே பள்ளிப் படிப்பு, சட்டப் பட்டம்! வழக்கறிஞராகத் தொழில் செய்தார், வாயில் குச்சியைக் கவ்வித் தட்டச்சு செய்து தன் வரலாற்றையும் நூலாக எழுதினார். 2024 மார்ச்சில் 78 வயதில் காலமானார். 72 ஆண்டுகள்! தடுப்பு மருந்து இல்லாத காலத்தின் கடைசிச் சாட்சிகளில் ஒருவர் அவர்.

இன்றைய ஐ.சி.யூ.வே போலியோ தந்ததுதான்!

அதே 1952. அந்த எகிப்தியக் கல் இருக்கும் அதே கோபன்ஹேகன். நகரைப் போலியோ சூறையாடுகிறது. மூச்சுத் திணறும் நோயாளிகள் நாள்தோறும் குவிகிறார்கள், இயந்திரங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன் ஒரு வழி சொன்னார்: தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, பையைக் கையால் அமுக்கி நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்துவோம்! ஆனால் யார் அமுக்குவது? மருத்துவ மாணவர்கள் வந்தார்கள். சுமார் 1,500 பேர், முறை வைத்து, இரவும் பகலும், வாரக்கணக்கில். ஒரு கையின் அழுத்தத்தில் ஓர் உயிர்! பத்தில் எட்டு ஒன்பது பேர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, நாலில் ஒருவர் என்ற அளவுக்குச் சாவு குறைந்தது. இன்று எல்லாப் பெரிய மருத்துவமனைகளிலும் இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு விதை அங்கே விழுந்ததுதான்.

வெள்ளை மாளிகையை மூழ்கடித்த சில்லறைக் காசு!

பின்னாளில் அமெரிக்க அதிபரான ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1921இல், 39 வயதில், வாதம் வந்து இரு கால்களும் செயலிழந்தன. போலியோ என்றே மருத்துவர்கள் சொன்னார்கள். 1938இல் அவர் ஒரு போலியோ அறக்கட்டளையைத் தொடங்கினார். எடி கான்டர் என்ற நகைச்சுவைக் கலைஞர் வானொலியில், "ஆளுக்குப் பத்து சென்ட் காசை அதிபருக்கே அனுப்புங்கள்" என்று கேட்டார். அவ்வளவுதான்! வெள்ளை மாளிகைக்கு மூட்டை மூட்டையாகத் தபால். எண்ணிப் பார்த்தால் 26,80,000 காசுகள்! போலியோ தடுப்பு மருந்துக்கான ஆராய்ச்சிக்கு உயிர் கொடுத்தது பெருமளவில் இப்படிச் சாதாரண மக்கள் தந்த சில்லறைதான். அதன் நினைவாகத்தான் அமெரிக்கப் பத்து சென்ட் நாணயத்தில் 1946 முதல் ரூஸ்வெல்ட்டின் முகம்!

வீட்டு அடுப்பில் கொதித்த ஊசி!

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜோனஸ் சால்க், வைரஸை ஃபார்மலின் கொண்டு கொன்று, அதைத் தடுப்பூசியாக்கினார். செத்த வைரஸ் நோய் தராது, ஆனால் எதிரியின் முகத்தை உடலுக்கு அடையாளம் காட்டிவிடும். 1953இல் சமையலறை அடுப்பில் ஊசிகளைக் கொதிக்க வைத்து, தன் மனைவிக்கும் மூன்று மகன்களுக்கும் தானே போட்டார்! மறு ஆண்டு ஏப்ரல் 26 அன்று பெரும் சோதனை தொடங்கியது. ஏறக்குறைய 18 லட்சம் பள்ளிக் குழந்தைகள் பங்கேற்றார்கள். சோதனையின் ஒரு பகுதியில், யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மருந்து என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

1955 ஏப்ரல் 12. ரூஸ்வெல்ட் மறைந்த பத்தாம் ஆண்டு நினைவு நாள். மிச்சிகன் பல்கலைக்கழக மேடையில் தாமஸ் ஃபிரான்சிஸ் முடிவை அறிவித்தார்: மருந்து பாதுகாப்பானது, பலன் தருகிறது! தேவாலய மணிகள் ஒலித்தன, ஆலைகளில் சங்கு ஊதினார்கள், தெருவில் நின்ற பெற்றோர் அழுதார்கள். அன்று தொலைக்காட்சிப் பேட்டியில், "இதன் காப்புரிமை யாருக்கு?" என்று கேட்டபோது, மக்களுக்குத்தான் என்றார் சால்க். சூரியனுக்குக் காப்புரிமை வாங்க முடியுமா என்றும் திருப்பிக் கேட்டார்!

இரண்டு வாரத்தில் விழுந்த பேரிடி!

இதையும் சொல்லியாக வேண்டும். அறிவிப்பு வந்த அதே மாதத்தில், கலிஃபோர்னியாவின் கட்டர் ஆய்வகம் தயாரித்த சில தொகுதிகளில் வைரஸ் முழுவதும் சாகாமல் இருந்தது தெரியவந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அந்த மருந்து போயிருந்தது. பிள்ளைகளும் அவர்களோடு பழகியவர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு நிரந்தர வாதம், 10 பேர் சாவு. உடனே தடுப்பூசிப் பணி நிறுத்தப்பட்டு, தயாரிப்பு முறையும் சோதனை முறையும் அடியோடு இறுக்கப்பட்டன. ஒவ்வொரு தொகுதியையும் இன்று இவ்வளவு கடுமையாகச் சோதித்தே வெளியே விடுகிறார்கள் என்றால், அந்தக் குழந்தைகள் கொடுத்த விலை அதற்குப் பின்னால் இருக்கிறது.

பெயர் வெளியே வராத பெண்கள்!

குரங்குகளுக்குச் செத்த வைரஸைச் செலுத்தி, போலியோவிலிருந்து காக்க முடியும் என்று சால்க்குக்கு முன்பே காட்டியவர் இசபெல் மார்கன். வைரஸ் நரம்புக்குப் போகுமுன் ரத்தத்தில் ஓடுகிறது, எனவே அதை வழியிலேயே மறிக்கலாம் என்று கண்டறிந்தவர் டோரதி ஹார்ஸ்ட்மன். டொரன்டோவில் பெரிய புட்டிகளைத் தொட்டில்போல ஆட்டி ஆட்டி வைரஸை வளர்த்து, 1954 சோதனைக்குத் தேவையான அளவை எட்ட வழிசெய்தவர் லியோன் ஃபாரெல்.

இன்னொருவர் இருக்கிறார். ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினத் தாய். 1951இல் புற்றுநோயால் இறந்தார். அவரைக் கேட்காமலேயே எடுத்த செல்கள் ஆய்வகத்தில் சாகாமல் பெருகின. டஸ்கிகீ கல்வி நிலையத்தில் கறுப்பின ஆய்வாளர்கள் அந்தச் செல்களைப் பெருமளவில் வளர்த்து அனுப்ப, குழந்தைகளின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று அவற்றைக்கொண்டே பார்த்தார்கள். உலகமே கடன்பட்ட பெண் அவர்!

நம் நாடும் கடன் கொடுத்திருக்கிறது. அன்றைய தடுப்பூசியைக் குரங்கின் சிறுநீரகச் செல்களில்தான் வளர்த்தார்கள். அதற்காக இந்தியாவிலிருந்து செம்முகக் குரங்குகள் ஆயிரமாயிரமாக விமானம் ஏறின! 1978இல்தான் இந்தியா குரங்கு ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

நோபல் யாருக்குப் போனது?

சால்க்குக்கு என்கிறீர்களா? இல்லை! சொட்டு மருந்து தந்த சேபினுக்கும் இல்லை! நரம்புத் திசு இல்லாமலே போலியோ வைரஸைச் சோதனைக் குழாயில் வளர்க்க முடியும் என்று 1949இல் காட்டிய எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் மூவருக்கும் 1954இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கதவு திறந்திருக்காவிட்டால் தடுப்பு மருந்தே இல்லை.

எல்விஸ் கை நீட்டினார், நாடே நீட்டியது!

சின்னப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஊசி போட்டுவிட்டார்கள். ஆனால் இளவட்டங்கள்? "நமக்கு ஏன்?" என்று ஒதுங்கினார்கள். 1956 அக்டோபரில் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி, பத்திரிகையாளர்கள் புகைப்படம் எடுக்கச் சட்டைக் கையை மடித்துவிட்டு, சிரித்த முகத்தோடு போலியோ ஊசி போட்டுக்கொண்டார்! ஒரு நட்சத்திரத்தின் கையில் ஏறிய ஊசிக்கு எவ்வளவு வலிமை என்பது, பிற்பாடு அமிதாப் பச்சன் தொலைக்காட்சியில் "இரண்டு சொட்டு" என்று அழைத்தபோது நாமும் கண்டதுதான்.

பனிப்போருக்கு நடுவே ஒரு மிட்டாய்!

ஆல்பர்ட் சேபின் வேறு வழி பிடித்தார். வைரஸைக் கொல்லாமல் பலவீனமாக்கி, வாய் வழியே கொடுத்தால்? அது இயற்கையான வழியிலேயே குடலுக்குப் போய் அங்கேயே காவல் வைக்கும்! ஊசி வேண்டாம், மருத்துவர் வேண்டாம், விலையும் மலிவு. ஆனால் அமெரிக்காவில் அதற்குள் பெரும்பாலோர் சால்க் ஊசி போட்டுக்கொண்டுவிட்டதால் பெரிய அளவில் சோதிக்க இடமில்லை. சேபின் எங்கே போனார் தெரியுமா? சோவியத் ஒன்றியத்துக்கு! அணுகுண்டைக் காட்டி இரு நாடுகளும் ஒன்றையொன்று மிரட்டிக்கொண்டிருந்த நேரம் அது. சேபினின் வைரஸ் வித்துகளை மிகயீல் சுமக்கோவும் அவர் மனைவி மரீனா வொரோஷீலவாவும் பெற்றுக்கொண்டு, முதலில் தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கே கொடுத்தார்கள். பிறகு மிட்டாயில் வைத்து நாடெங்கும் வழங்கினார்கள். 1959இல் மட்டும் ஒரு கோடிக்கும் மேல், 1960 முடிவதற்குள் ஏழு கோடிக்கும் மேல்! முடிவுகளைச் சரிபார்க்க உலக சுகாதார நிறுவனம் அனுப்பியது யாரை? நாம் மேலே பார்த்த அதே டோரதி ஹார்ஸ்ட்மனை!

1961இல் ஜப்பானில் போலியோ பரவியபோது அம்மாக்கள் அரசு அலுவலகங்களை முற்றுகையிட்டு மருந்து கேட்டார்கள். அரசு பணிந்தது. சோவியத்திலிருந்தும் கனடாவிலிருந்தும் 1.3 கோடி பேருக்கான சொட்டு மருந்து அவசரமாக இறங்கியது! அமெரிக்காவிலோ சர்க்கரைக் கட்டியில் சொட்டு விட்டுக் கொடுத்தார்கள். பள்ளியில் அப்படி மருந்து தின்றுவிட்டு வந்த மகன் சொன்னதைக் கேட்டுத்தான் ஷெர்மன் சகோதரர்களில் ஒருவருக்கு 'மேரி பாப்பின்ஸ்' படத்தின் புகழ்பெற்ற சர்க்கரைக் கரண்டிப் பாட்டுக்கான பொறி தட்டியது! சேபினும் காப்புரிமை கேட்கவில்லை. 1972இல் தன் வைரஸ் வித்துகளை உலக சுகாதார நிறுவனத்துக்கே கொடுத்துவிட்டார்.

ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும்!

சொட்டு மருந்து குடித்த குழந்தையின் குடலிலிருந்து சில வாரங்கள் அந்தப் பலவீன வைரஸ் வெளியேறும். கூடி விளையாடும் பிள்ளைகளுக்கும் அது போய், கேட்காமலே காவல் தரும். அற்புதம்! ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருந்தே கொடுக்காத ஊரில் அந்த வைரஸ் ஆளுக்கு ஆள் மாறி நெடுங்காலம் சுற்றினால், இழந்த வலிமையை மீண்டும் பெற்றுவிடலாம். அதற்கு விடை மருந்தை நிறுத்துவதல்ல, எல்லாப் பிள்ளைக்கும் கொடுப்பது! எளிதில் மாறாதபடி மரபணுவைத் திருத்தி அமைத்த புதிய சொட்டு மருந்து 2021 முதல் பரவல் கண்ட நாடுகளில் பயன்படுகிறது.

'பல்ஸ்' போலியோவுக்கு வழிகாட்டியது வேலூர்!

தமிழர் ஒவ்வொருவரும் நெஞ்சு நிமிர்த்த வேண்டிய இடம் இது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் இயல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான் ஒரு சங்கடமான உண்மையைக் கண்டார். மேல்நாட்டில் மூன்று தவணையில் கிடைக்கும் பலன் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை! மூன்று முறை குடித்த பிள்ளைகளுக்கும் போலியோ வந்தது. நம் குழந்தைகளுக்கு ஐந்து தவணையாவது வேண்டும் என்றார் அவர்.

அதோடு நிற்கவில்லை. ஆண்டு முழுதும் ஆங்காங்கே கொடுப்பதற்குப் பதில், நகரத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் குறிப்பிட்ட நாளில் ஒரே வீச்சில் கொடுத்தால்? சில வாரம் விட்டு மறுபடி ஒரு வீச்சு? நாடித்துடிப்பு போல! வைரஸ் ஒதுங்க நிழலே இருக்காதே! வேலூர் நகரில் செய்து பார்த்தார்கள், போலியோ அடங்கியது. 1983இல் அந்த முடிவு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. நாடே ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுப்பதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பு!

இன்னொரு பெருமையும் நம் மலையில் இருக்கிறது. 1970 வாக்கிலேயே குன்னூர் பாஸ்டர் நிலையம் போலியோ சொட்டு மருந்தை உள்நாட்டில் தயாரித்துக் காட்டியது.

741, 42, 1, பூஜ்யம்!

ஐம்பது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வகுப்பில் ஒரு பிள்ளையாவது முழங்காலில் உள்ளங்கையை ஊன்றி, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்திருக்கும். சில பிள்ளைகள் காலில் இரும்புச் சட்டம் கட்டியிருப்பார்கள். இன்று எந்தப் பள்ளி வாசலிலும் நின்று பாருங்கள். அந்த நடை இல்லை! ஒரு தலைமுறைக்குள் ஒரு நடையே நாட்டிலிருந்து மறைந்துவிட்டது!

1994 அக்டோபர் 2 அன்று டெல்லியில் ஒரே நாளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து. 1995 டிசம்பர் 9 அன்று நாடு முழுவதும் முதல் பல்ஸ் போலியோ நாள். பின்னாளில் ஒரு சுற்றில் சுமார் 17 கோடிக் குழந்தைகள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள்! ரயிலுக்குள் ஏறினார்கள், செங்கல் சூளைக்குப் போனார்கள், பீகாரின் கோசி ஆற்று வெள்ளப் பகுதிகளில் படகிலும் நடையிலுமாகப் போனார்கள். 2009இல் இந்தியாவில் 741 பேருக்குப் போலியோ. உலக எண்ணிக்கையில் பாதியளவு நம் நாட்டில்! "இந்தியாவில் மட்டும் ஒழிக்கவே முடியாது" என்று பலர் கைவிரித்தார்கள். 2010இல் 42. 2011இல் ஒன்றே ஒன்று. அந்த ஆண்டு ஜனவரி 13இல் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்துச் சிறுமி ஒருத்திக்கு வந்ததுதான் கடைசி. அதற்குப் பிறகு இந்திய மண்ணில் இயற்கைப் போலியோ வைரஸ் ஒரு குழந்தையின் காலைக்கூடத் தொடவில்லை! 2014 மார்ச் 27 அன்று, இந்தியாவை உள்ளடக்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரமே போலியோ அற்றது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

மருந்துப் புட்டிக்கு ஒரு கண்!

அடுத்த முறை போகும்போது அந்தச் சின்னப் புட்டியை உற்றுப் பாருங்கள். ஒரு வட்டம், அதற்குள் ஒரு சிறு சதுரம். சதுரம் வெளிறி இருந்தால் மருந்து நல்லது. சூடு பட்டுப் பட்டுச் சதுரம் கறுத்து, வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால், அந்தப் புட்டியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். ஆய்வகம் வேண்டாம், படிப்பு வேண்டாம், கண் போதும்! 1996 முதல் போலியோ சொட்டுப் புட்டிகளில் இந்தக் குறி இருக்கிறது. சுண்டு விரல் மையும் அப்படித்தான். மறுநாள் வீடு வீடாக வருபவர் விரலைப் பார்த்தே விடுபட்ட பிள்ளையைக் கண்டுபிடித்துவிடுவார். கதவில் சாக்பீஸால் 'பி' என்றால் எல்லாருக்கும் கொடுத்தாயிற்று, 'எக்ஸ்' என்றால் மறுபடி வர வேண்டும்!

துப்பாக்கிகளும் ஓய்ந்தன!

1985இல் எல் சால்வடார் உள்நாட்டுப் போரில், பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்து கொடுப்பதற்காகவே இரு தரப்பும் சண்டையை நிறுத்தின. 'அமைதி நாட்கள்' என்று அதற்குப் பெயர். 1990களில் இலங்கைப் போரின் நடுவிலும் அரசும் விடுதலைப் புலிகளும் அதற்கு இசைந்தார்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ்ப் பிள்ளைகளின் வாய்க்குச் சொட்டு மருந்து போய்ச் சேர்ந்தது. இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி 1993இல்! 2024இல் காஸாவில் 25 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு குழந்தைக்குப் போலியோ வந்தபோது, செப்டம்பரில் பகுதி பகுதியாகக் குண்டுமழை நின்ற இடைவெளிகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்து முடித்தார்கள். பாகிஸ்தானிலோ சொட்டு மருந்துப் பையோடு போன பெண்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். ஆனாலும் மற்றப் பெண்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள்.

மூன்றில் இரண்டு மறைந்தே போயின!

போலியோ வைரஸில் மூன்று வகை. இரண்டாம் வகை இயற்கை வைரஸ் உலகில் கடைசியாகக் கண்டறியப்பட்டது 1999இல், நம் அலிகாரில்! ஒழிந்தது என்ற சான்று 2015இல். மூன்றாம் வகை 2012இல் நைஜீரியாவில் கடைசியாகத் தெரிந்தது, 2019இல் சான்று. இரண்டாம் வகை போனபின், 2016 ஏப்ரலில் இரண்டே வாரத்தில் 155 நாடுகள் பழைய சொட்டு மருந்தைக் கைவிட்டு, அந்த வகை இல்லாத புதியதற்கு மாறின. உலக வரலாற்றில் மருந்து ஒன்றை இப்படி ஒரே நேரத்தில் மாற்றியதே இல்லை!

சாக்கடை சொல்லும் சேதி!

நோயாளி வருமுன்பே வைரஸ் வந்ததைக் கண்டுபிடிக்க வழி உண்டா? உண்டு, கழிவுநீரில்! மும்பை முதல் பல நகரங்களில் சாக்கடை நீரை எடுத்துச் சோதிக்கிறார்கள். 2022இல் லண்டன் கழிவுநீரில் போலியோ வைரஸ் தட்டுப்பட்டது. அதே ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் தடுப்பூசி போடாத ஒரு இளைஞருக்கு வாதமே வந்துவிட்டது. அமெரிக்காவில்! வைரஸுக்கு பாஸ்போர்ட்டும் விசாவும் தேவையில்லை.

அதனால்தான் நம் ஊரில் இன்றும் காவல் நீடிக்கிறது. பிறந்ததும் ஒரு சொட்டுத் தவணை, பிறகு 6, 10, 14 வாரங்களில், ஒன்றரை வயதை ஒட்டி ஊக்கத் தவணை. கூடவே ஊசியும் உண்டு. முழு ஊசியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 மில்லி மட்டும், தோலுக்குள் போடுகிறார்கள். 6, 14 வாரங்களிலும், 2023 முதல் ஒன்பதாம் மாதத்திலும். குறைந்த மருந்தில் நிறைந்த காவல்!

கடைசியாக ஒன்று…

1988இல் உலகில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பேருக்கு, அதாவது நாளுக்குச் சுமார் ஆயிரம் பேருக்குப் போலியோ வந்துகொண்டிருந்தது, 125 நாடுகளில். இன்று இயற்கை வைரஸ் வேரூன்றியிருப்பது ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் என்ற இரண்டே நாடுகளில்! முடங்கியிருக்க வேண்டிய இரண்டு கோடிப் பேர் இன்று எழுந்து நடக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்கள் யார் யார் என்று யாராலும் சொல்ல முடியாது. இதைப் படிக்கும் நீங்களாகவும் இருக்கலாம், உங்கள் மகளாகவும் இருக்கலாம்.

எதிரி இன்னும் முழுதாகச் சாகவில்லை. அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால், தடுப்பூசி அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். விடுபட்ட தவணை இருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்து போங்கள். முகாம் நாளில், "போன தடவை கொடுத்தாச்சே" என்று சொல்லாமல் மறுபடியும் தூக்கிக்கொண்டு போங்கள். கட்டட வேலைக்கு வெளியூரிலிருந்து வந்த குடும்பம் உங்கள் தெருவில் தங்கியிருந்தால், அந்தப் பிள்ளையையும் கூடவே அழைத்துப் போங்கள்!